640 ஏக்கர்: சியாட்டில் நகரின் தோற்றமும் டேவிட் மேனார்டும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மாநிலங்களுள் மிகப் பெரும்பாலானவை கவுண்டி எனப்படும் ஆட்சிப் பிரிவுகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. பணியளவில் கவுண்டியை நம் மாவட்டத்தோடு ஏறத்தாழ ஒப்பிடலாம் என்றாலும், மேலிருந்து நியமிக்கப்படும் ஆட்சியர் ஒருவரின் கீழ் அது இயங்குவதில்லை. ஆணையர்களும், ஷெரீப் எனப்படும் காவல் தலைவரும், வரி அலுவலர்களும் பெரும்பாலும் உள்ளூர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். இவர்கள் அமரும் ஊரே கவுண்டித் தலைமையிடம் ஆகும். நீதிமன்றம், சிறைச்சாலை, வரி அலுவலகம், எல்லாவற்றுக்கும் மேலாக நிலக் கிரயங்களைப் பதிந்துவைக்கும் அலுவலகம் ஆகியவை அங்கேதான் இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் மேற்குப் பகுதிகளில் குடியேறியவர்களுக்கு நிலமே சொத்தாகவும் நிலமே வாணிபமாகவும் இருந்ததால், எந்த ஊர் தலைமையிடமாக அறிவிக்கப்படுகிறதோ அந்த ஊருக்கு வக்கீல்களும் தங்கும் விடுதிகளும் கடைகளும் தாமாக வந்து சேர்ந்தன. அந்தத் தகுதியை இழந்த ஊர்களுள் பல, சில பத்தாண்டுகளில் ஆளற்றுப் போயின. ஆகவே ஓர் ஊரை நிறுவ முனைந்தவர், காடு வெட்டி வீடு கட்டுவதோடு நின்றுவிட முடியாது. தம் நிலத்தின் மீது சட்டமன்றத்தின் கண் விழச் செய்வதும், கொல்லர் முதல் மரம் அறுப்பவர் வரை தொழில் தெரிந்தவர்களை அங்கே தங்கச் செய்வதும் அவருடைய வேலையாகவே இருந்தன.

வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுண்டிக்குத் தலைமையிடமான சியாட்டில், இவ்வாறு உருவான ஊர்களுள் இன்று மிகப் பெரியவற்றில் ஒன்று. கணினித் தொழிலை நம்பிச் சென்ற தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் ரெட்மண்ட், பெல்வியூ ஆகிய ஊர்களும் இதே கவுண்டியைச் சேர்ந்தவை. நகரத்தின் தந்தை என்ற பெயர் வழக்கமாக ஆர்தர் டென்னிக்கே தரப்படுகிறது. அவர் ஒழுங்கும் சிக்கனமும் உடையவர், மதுவைத் தொடாதவர், நீண்ட காலம் வாழ்ந்து, செல்வராகி, ஊரின் தொடக்க வரலாற்றைத் தாமே நூலாகவும் எழுதியவர். ஆனால் சட்டமன்றம் கவுண்டித் தலைமையிடத்தை வைத்தது டென்னியின் நிலத்தில் அன்று. குடிப்பழக்கமும் கடன் சுமையும் உடையவராய், தாம் விட்டுவந்த குடும்பத்துக்குக் கடமை தவறியவராய் வந்து சேர்ந்த டேவிட் ஸ்வின்சன் மேனார்டு என்ற மருத்துவரின் நிலத்தில்தான். அந்த நிலம் அவர் கைக்கு எப்படி வந்தது, அதை அவர் எப்படி வாரி வழங்கினார், எப்படி இழந்தார் என்பதைத் தொடர்ந்து பார்த்தால், அக்காலத்து நகர உருவாக்கத்தின் பெருந்தன்மையும் அநீதியும் ஒன்றாகவே புலப்படும்.

மேனார்டு 1808ஆம் ஆண்டு வெர்மான்ட் மாநிலத்தின் காசில்டன் என்ற ஊரில் பிறந்து, அங்கேயே மருத்துவம் பயின்றவர். 1828இல் லிடியா ரிக்கி என்ற பெண்ணை மணந்து, பின்னர் ஒகையோ மாநிலத்தின் கிளீவ்லேண்ட் பகுதியில் குடியேறி மருத்துவத் தொழில் செய்தார். 1837ஆம் ஆண்டு நாடெங்கும் வங்கிகளை முடக்கிய பொருளாதார நெருக்கடி அவரையும் கடனாளியாக்கியது. அதிலிருந்து அவர் முழுமையாக மீளவே இல்லை. 1850ஆம் ஆண்டு வசந்த காலத்தில் மனைவியையும் ஹென்றி, பிரான்சிஸ் என்ற இரு பிள்ளைகளையும் ஒகையோவில் விட்டுவிட்டு, தங்கம் கிடைத்த கலிபோர்னியாவை நோக்கித் தரை வழியே புறப்பட்டார். இரண்டு ஆண்டுகளுக்குள் திரும்பி வருவதாகவோ, இல்லையேல் குடும்பத்தை வரவழைத்துக்கொள்வதாகவோ, அதுவரை செலவுக்குப் பணம் அனுப்புவதாகவும் அவர் வாக்குக் கொடுத்திருந்தார் என்பதும், அதன்பின் ஒரு காசும் அனுப்பவில்லை என்பதும் பிற்காலத்து நீதிமன்றப் பதிவுகளில் இடம்பெற்ற செய்திகள். அவரைப் பற்றிய புகழுரைகள் பலவும் இந்த இடத்தை விரைந்து கடந்துவிடுகின்றன. கடக்கக் கூடாத இடம் இது.

அந்த ஆண்டு ஒரிகன் பாதை எனப்பட்ட மாட்டுவண்டித் தடத்தில் காலரா பரவியிருந்தது. நோயுற்ற பயணக் கூட்டங்களுக்கு மருத்துவம் பார்த்துக்கொண்டே சென்ற மேனார்டு, ஒரு கூட்டத்தில் கணவரையும் உறவினர்களையும் காலராவுக்குப் பறிகொடுத்துத் தனித்து நின்ற கேதரின் புரோஷியர்ஸ் என்ற பெண்ணைக் கண்டார். கேதரினின் அண்ணன் மைக்கேல் சிம்மன்ஸ், வடக்கே பியூஜெட் சவுண்ட் என்ற கடற்கழியின் தென்முனையில் முன்பே குடியேறிச் செல்வாக்குடன் இருந்தார். அந்த அண்ணனிடம் தங்கையைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பை ஏற்ற மேனார்டு, கலிபோர்னியாவை மறந்து, ஓட்டுநராகவும் மருத்துவராகவும் அவருடைய வண்டியோடு வடமேற்குக்குத் திரும்பினார். 1850 செப்டம்பரில் அவர் ஒரிகன் ஆட்சிப்பகுதிக்குள் நுழைந்தார். மாநிலத் தகுதி பெறாத நிலப்பரப்புகளுக்கு மத்திய அரசு வழங்கிய தற்காலிக ஆட்சி அமைப்பே ஆட்சிப்பகுதி என்பது. இன்றைய வாஷிங்டன் மாநிலமும் அப்போது ஒரிகனுக்குள்தான் அடங்கியிருந்தது.

அந்தச் செப்டம்பர் மாதம் அவர் அறியாமலே வாய்த்த பெரும் பேறாயிற்று. 1850 செப்டம்பர் 27 அன்று அமெரிக்கக் காங்கிரஸ் ஒரிகன் நிலக்கொடைச் சட்டத்தை நிறைவேற்றியது. அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் தேதிக்குள் அப்பகுதிக்கு வந்திருந்த வயது வந்த வெள்ளையின ஆண் ஒருவர், நிலம் ஒன்றில் நான்கு ஆண்டுகள் குடியிருந்து பயிர் செய்தால் 320 ஏக்கரை விலையின்றிப் பெறலாம் என்பதும், அவர் மணமானவராயின் மனைவியின் பெயரில் மேலும் 320 ஏக்கர் கிடைக்கும் என்பதும் அச்சட்டத்தின் சாரம். அந்தத் தேதிக்குப் பின் வந்தவர்களுக்கு இதில் பாதிதான். 1851இல் வந்த டென்னி போன்றோர் மனைவியின் பங்கையும் சேர்த்து 320 ஏக்கருக்கே உரியவர்களாக இருக்க, மேனார்டு மட்டும் 640 ஏக்கர் கோரக்கூடியவராக இருந்தார். அவருடைய தாராளத்தைக் குணச்சிறப்பாக மட்டும் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரு மடங்கு நிலம் உடையவருக்குக் கை நீட்டிக் கொடுப்பது ஓரளவு எளிது. அந்த இரண்டாவது 320 ஏக்கரோ, வெகு தொலைவில் ஆதரவின்றி விடப்பட்டிருந்த லிடியாவின் பெயரால் வர வேண்டியது.

முதலில் மேனார்டு தங்கியது கடற்கழியின் தென்கோடிப் பகுதியில். அங்கே மரம் வெட்டி விறகாக்கிக் கப்பலில் ஏற்றி சான் பிரான்சிஸ்கோவில் விற்றார். தங்க வேட்டையால் ஒரே ஆண்டில் பெருத்துவிட்ட அந்த நகருக்கு விறகும் பலகையும் எவ்வளவு வந்தாலும் போதவில்லை. கிடைத்த பணத்தில் சரக்குகளை வாங்கிவந்து ஒலிம்பியாவில் கடை வைத்தார். வாங்கிய விலையை ஒட்டியே விற்பதும், கேட்டவர்க்கெல்லாம் கடன் தருவதும் அவருடைய வழக்கமாக இருந்ததால், அங்கிருந்த மற்ற வணிகர்கள் அவரை ஊரைவிட்டு அனுப்ப வழி தேடினர். அந்த நேரத்தில்தான் டூவாமிஷ், சுக்வாமிஷ் மக்களின் தலைவரான சியாட்டில் அவருக்கு வேறோர் இடத்தைக் காட்டினார். தம் மக்களின் கரையில் ஒரு கடை இருப்பதன் பயனை அத்தலைவர் நன்கு அறிந்திருந்தார். கம்பளியும் இரும்புக் கருவிகளும் மீனுக்கும் உழைப்புக்கும் மாற்றாகக் கிடைக்கும் என்பதோடு, வெள்ளையர் கூட்டத்தில் தம் மக்களுக்கு ஒரு நண்பர் இருப்பார் என்பதும் அவருடைய கணக்காக இருந்திருக்கக்கூடும். 1852 மார்ச் இறுதியில் சியாட்டிலின் மரத்தோணியில் மேனார்டு வடக்கே எலியட் விரிகுடாவை அடைந்தார்.

அங்கே அவருக்கு முன்பே வெள்ளையர் சிலர் இருந்தனர். 1851 நவம்பர் 13 அன்று இருபதுக்கும் மேற்பட்டோர் அடங்கிய டென்னி குழுவினர் ஆல்கை முனையில் இறங்கி, கொட்டும் மழையில் முதற்குளிர்காலத்தைக் கழித்திருந்தனர். அலை மோதும் அம்முனையில் கப்பல் நிற்க வசதியில்லை என்று கண்ட டென்னியும் கார்சன் போரனும் வில்லியம் பெல்லும், அடுத்த பிப்ரவரியில் தோணியேறி, துணி உலர்த்தும் கயிற்றின் நுனியில் குதிரை லாடங்களைக் கட்டிக் கடலில் இறக்கி ஆழம் பார்த்துக்கொண்டே விரிகுடாவைச் சுற்றிவந்து, கிழக்குக் கரையை ஒட்டி ஆழமான நீர் இருப்பதை அறிந்தனர். அந்தக் கரையை மூவரும் பங்கிட்டு எல்லைகுறித்துக் கொண்டார்கள். மேனார்டு வந்தபோது அவர்கள் செய்த செயல் குறிப்பிடத்தக்கது: தங்கள் எல்லைகளை வடக்கே நகர்த்திக்கொண்டு, தென்கோடியை அவருக்கு விட்டுக்கொடுத்தார்கள். மருத்துவர் ஒருவரும் கடை ஒன்றும் இல்லாத கரையில் நிலத்துக்கு மதிப்பில்லை என்பதை அவர்கள் புரிந்திருந்தார்கள். அவ்வாறு மேனார்டுக்குக் கிடைத்த இடம் உயர் அலையின்போது ஏறத்தாழத் தீவாகிவிடும் சிறு மேட்டையும், அதன் பின்னால் அலைவற்றும் சேற்று நிலத்தையும், அதற்கும் கிழக்கே காடடர்ந்த குன்றையும் கொண்டது. அதை அவர் வெற்றிடமாகக் கண்டெடுக்கவில்லை. டூவாமிஷ் மக்கள் தலைமுறைகளாக வந்து தங்கி மீன்பிடித்த, ஜிஜிலாலிச் என்று அவர்கள் அழைத்த குடியிருப்பு அங்கேதான் இருந்தது.

ஏப்ரல் தொடக்கத்தில் நில உரிமையைக் கோரிய கையோடு மேனார்டு மரக்கட்டைகளால் கடை எழுப்பினார். அந்த மேட்டில் பழங்குடி மக்களைக் கூலிக்கு அமர்த்திச் சால்மன் மீனை உப்பிட்டுப் பீப்பாய்களில் அடைத்து, டென்னியின் கணக்குப்படி ஏறத்தாழ 1,000 பீப்பாய்களை அந்த ஒரு பருவத்தில் சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பினார். பெரும்பகுதி போய்ச் சேர்வதற்குள் கெட்டுப்போனது. இந்த நட்டத்துக்குப் பின்னும் அவர் ஊருக்கு ஆள் சேர்ப்பதை நிறுத்தவில்லை. டூவாம்ப்ஸ் என்று அழைக்கப்பட்டுவந்த அந்தக் குடியிருப்புக்குத் தம் நண்பரான தலைவரின் பெயரையே இட வேண்டும் என்று மற்றவர்களை இணங்கவைத்ததும் அவரே. அமெரிக்கப் பெருநகரங்களுள் பெயரிட்டபோது உயிரோடு இருந்த பழங்குடித் தலைவர் ஒருவரின் பெயரை ஏற்றவை மிகச் சில; அவ்வகையில் இது மரியாதையின் அடையாளம் என்பதில் ஐயமில்லை.

அவர் நிலத்தைக் கையாண்ட விதத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு கொல்லுப்பட்டறை. குதிரைக்கு லாடம் அடிக்கவும் கோடரிக்கு விளிம்பு தீட்டவும் ஆளில்லாத ஊரில் குடியேறுபவர் நிலைக்க மாட்டார் என்பதால் மேனார்டு தாமே ஒரு பட்டறையை அமைத்தார்; தொழில் தெரிந்த லூயிஸ் வைக்காஃப் என்பவர் வந்தபோது, அதை வெறும் 10 டாலருக்கு அவரிடம் விற்றுவிட்டார். கப்பல் தலைவர் லெனார்டு ஃபெல்கருக்கும் அவர் மனை தந்தார். அந்த மனையில் ஃபெல்கர் எழுப்பிய விடுதியே ஊரின் முதல் விடுதி. ஆனால் ஊரின் வருங்காலத்தை முடிவு செய்தது 1852 அக்டோபரில் நீராவி மரஅறுவை ஆலைக்கு இடம் தேடிவந்த ஹென்றி யெஸ்லருக்குச் செய்த ஏற்பாடு. கடற்கரையில் எங்கும் இடமில்லாதவாறு உரிமை கோரப்பட்டிருந்ததைக் கண்டு யெஸ்லர் வேறிடம் நோக்கத் தொடங்கிய நிலையில், மேனார்டும் போரனும் தத்தம் எல்லையிலிருந்து ஒரு குறுகிய பட்டை நிலத்தை ஒதுக்கி, குன்றின் மேலிருந்த காட்டையும் கீழிருந்த கடலையும் அவருக்காக இணைத்துக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஓடத் தொடங்கிய அந்த ஆலையே, பல ஆண்டுகளுக்கு ஊரில் பலருக்கும் கூலி தரும் ஒரே இடமாக இருந்தது. வெட்டிய மரங்கள் அந்தப் பட்டை நிலத்தின் சரிவில்தான் கடலை நோக்கி இழுத்து இறக்கப்பட்டன.

1852 டிசம்பரில் மேனார்டின் வாழ்க்கையில் இரண்டு சட்டங்கள் ஒரே வேளையில் நுழைந்தன. டிசம்பர் 22 அன்று ஒரிகன் சட்டமன்றம் தர்ஸ்டன் கவுண்டியிலிருந்து கிங் கவுண்டியைப் பிரித்து உருவாக்கியது. அதன் தலைமையிடம் மேனார்டின் உரிமை நிலத்தில் அமைய வேண்டும் என்றும் சட்டமன்றம் முடிவு செய்தது. அதே டிசம்பர் 22ஆம் தேதியிட்ட மற்றொரு சட்டத்தால், டேவிட் மேனார்டுக்கும் லிடியா மேனார்டுக்கும் இடையிலான மணவுறவு நீக்கப்பட்டது. நீதிமன்றம் விசாரித்து மணமுறிவு வழங்கும் இன்றைய முறைக்கு முன்பு, சட்டமன்றமே தனிமனிதருக்காகச் சட்டம் இயற்றி மணமுறிவு தரும் வழக்கம் அமெரிக்காவின் பல பகுதிகளில் இருந்தது. எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லாததால், தாம் மணவாழ்விலிருந்து விலக்கப்பட்டதை லிடியா அப்போது அறியவே இல்லை. தங்கை ஏற்கெனவே மணமான ஒருவரோடு பழகுவதைக் கடுமையாக எதிர்த்துவந்த சிம்மன்ஸின் தடையும் இத்துடன் நீங்கியது. 1853 ஜனவரி 15 அன்று கேதரினும் மேனார்டும் மணந்துகொண்டார்கள். அடுத்த வாரமே, சிறு வழக்குகளைத் தீர்க்கவும் திருமணங்களை நடத்திவைக்கவும் அதிகாரம் பெற்ற உள்ளூர் நீதிபதியாக, ஆர்தர் டென்னியின் வீட்டில் அவருடைய தம்பி டேவிட் டென்னிக்கும் லூயிசா போரனுக்கும் ஊரின் முதல் திருமணத்தை மேனார்டு நடத்திவைத்தார். புதிய கவுண்டியின் ஆணையர்கள் 1853 மார்ச்சில் முதன்முதலாகக் கூடியதும் அவர் வீட்டில்தான். கடை, நீதிபதி இருக்கை, பதிவு எழுத்தர் மேசை, ஆணையர் அவை ஆகிய அனைத்துக்கும் அந்த ஒரே கூரை போதுமானதாக இருந்தது.

தலைமையிடத் தகுதி கிடைத்த பின் அடுத்த கட்டம் மனைப்பிரிவு வரைபடம். தெருக்களையும் மனைகளையும் அளந்து, எண்ணிட்டு, வரைந்து, கவுண்டி அலுவலகத்தில் பதிந்தால்தான் ஒரு நிலப்பரப்பு சட்டத்தின் பார்வையில் ஊராகும். 1853 மே 23 அன்று டென்னியும் போரனும் ஒரு வரைபடத்தையும், மேனார்டு மற்றொரு வரைபடத்தையும் பதிந்தார்கள். முன்னவர்களின் தெருக்கள் கடற்கரையின் வளைவை ஒட்டிச் சாய்ந்து ஓடின. மேனார்டோ நேர் வடக்கு, நேர் கிழக்கு என்று திசைகாட்டியை ஒட்டியே தெருக்களை வகுத்தார். இரண்டும் யெஸ்லரின் ஆலைத் தெருவில் வந்து முட்டியபோது ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அந்தப் பொருத்தமின்மை இன்றும் பயனியர் சதுக்கப் பகுதியில் தெருக்கள் முறிந்து திரும்புவதில் நிலைத்திருக்கிறது. 1888இல் வெளியிட்ட தம் நூலில் டென்னி, அன்றைய தினம் மேனார்டு குடித்திருந்ததால்தான் மற்றவர்களின் ஏற்பாட்டுக்கு உடன்பட மறுத்துவிட்டார் என்ற பொருள்பட எழுதினார். பிற்காலத்தவரும் அதையே திரும்பச் சொல்லிவருகிறார்கள். இது மேனார்டுக்கு நியாயம் செய்வதாகாது. மத்திய அரசின் நில அளவை முறை முழுவதும் வடக்கு, கிழக்கு என்ற திசைகளையே அடிப்படையாகக் கொண்டது. வருங்காலத்தில் ஊர் கரையை விட்டு உள்நாட்டுக்குள் வளரும்போது அந்த அளவையோடுதான் பொருந்த வேண்டியிருக்கும். சியாட்டில் பெருகிய பின் அதன் மிகப் பெரும்பகுதித் தெருக்கள் மேனார்டின் திசையிலேயே அமைந்தன. கரையோரத்துச் சாய்வுதான் பெருநகருக்குள் விதிவிலக்காக நின்றுவிட்டது.

இந்தக் கிரயங்களும் பதிவுகளும் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில், அந்த மண்ணின் மீது பழங்குடிகளுக்கு இருந்த உரிமை சட்டப்படி நீங்கியிருக்கவில்லை என்பதே இந்த வரலாற்றின் நடுவில் உள்ள உண்மை. 1848இல் ஒரிகன் ஆட்சிப்பகுதியை உருவாக்கிய சட்டமே, உடன்படிக்கையால் விலக்கப்படாத வரை பழங்குடிகளின் நில உரிமைக்கு ஊறு நேராது என்று கூறியது; அதே காங்கிரஸ் இரண்டே ஆண்டுகளில் அந்த நிலத்தைக் குடியேறியவர்களுக்கு இலவசமாக வழங்கியது. பாயின்ட் எலியட் உடன்படிக்கையில் தலைவர் சியாட்டில் தம் குறியை இட்டது 1855 ஜனவரி 22 அன்றுதான். அதற்கு அமெரிக்க செனட் ஒப்புதல் அளித்தது 1859இல். ஆக, மேனார்டு மனைகளைப் பிரித்து வழங்கிய ஆண்டுகள் முழுவதும் அவர் வழங்கிக்கொண்டிருந்தது, தம்மைத் தோணியில் அழைத்துவந்த மனிதருடைய மக்களின் நிலத்தையே. அவர் அம்மக்களிடம் அன்பாக இருந்தார் என்பதை மறுப்பதற்கில்லை; அவர்களுக்கு மருத்துவம் பார்த்தார், அவர்கள் மொழியில் பேசக் கற்றார், அவர்களுக்கும் உரிய கூலி தந்தார். ஆயினும் தனிமனித அன்பு நில உரிமைக்கு ஈடாகாது.

உடன்படிக்கை கசப்பை வளர்த்து, 1855இன் இறுதியில் போர் மூண்டபோது, மேனார்டு பழங்குடி நலத்துக்கான துணை முகவராக நியமிக்கப்பட்டார். போரில் சேராத டூவாமிஷ், சுக்வாமிஷ் மக்களைக் கடற்கழியின் மறுகரையில் போர்ட் மேடிசன் பகுதிக்குக் கொண்டுசேர்த்து, உணவும் மருந்தும் தந்து, சண்டையிலிருந்தும் வெள்ளையரின் பழிவாங்கலிலிருந்தும் ஒதுக்கி வைப்பது அவர் பணி. கேதரினும் அந்தக் குளிர்காலம் முழுவதும் அங்கே உடனிருந்தார். 1856 ஜனவரி 26 அன்று சியாட்டில் ஊர் தாக்கப்பட்டு, துறைமுகத்தில் நின்ற டெகேட்டர் என்ற போர்க்கப்பலின் பீரங்கிகளால் காக்கப்பட்டது. வீடுகள் பல எரிந்தன. போர் முடிந்தபின் பல ஆண்டுகள் புதிதாக யாரும் குடியேற வரவில்லை, நிலத்தின் விலை சரிந்தது. பழங்குடிகளுக்கு ஆதரவாளர் என்று மேனார்டின் மீது ஊரார் கொண்ட வெறுப்பும் இக்காலத்தில்தான் வளர்ந்தது. 1857இல் அவர் மனைகளாகப் பிரிக்காமல் எஞ்சியிருந்த 260 ஏக்கர் நகர நிலத்தை சார்லஸ் டெர்ரி என்பவரிடம் கொடுத்துவிட்டு, மாற்றாக ஆல்கை முனையில் ஏறத்தாழ 320 ஏக்கர் பண்ணையைப் பெற்றுக்கொண்டார். நில வணிகத்தின் கண்ணோடு பார்த்தால் அவர் வாழ்வில் செய்த மிக மோசமான பேரம் அது. டெர்ரி அந்த நிலத்தால் ஊரின் செல்வர்களுள் ஒருவரானார். மேனார்டோ உழவில் தோற்று, ஆல்கை நிலத்தை 1868இல் 450 டாலருக்கு விற்றார்.

அதற்கு முன்பே அவர் ஊருக்குத் திரும்பியிருந்தார். 1863இல் அவரும் கேதரினும் தங்கள் பழைய நிலத்துக்கு அருகில் ஒரு சிறு மருத்துவமனையைத் தொடங்கினார்கள். பேறு பார்ப்பதும் நோயாளிகளைக் கவனிப்பதும் கேதரினின் பொறுப்பு. அங்கே வெள்ளையரும் பழங்குடிகளும் ஒன்றுபோல அனுமதிக்கப்பட்டதும், கட்டணம் தர இயலாதவர்களிடம் கேட்கப்படாததும் அதன் வருவாயைக் குறைத்தன. ஊரின் போக்கோ எதிர்த்திசையில் இருந்தது. 1865இல் சியாட்டில் முதன்முறையாக நகராட்சித் தகுதி பெற்ற உடன் இயற்றிய ஐந்தாவது விதி, வெள்ளையரின் வேலைக்கு அமர்த்தப்படாத பழங்குடிகள் நகர எல்லைக்குள் குடியிருக்கலாகாது என்று விதித்தது. தம் பெயரைத் தாங்கிய ஊரில் தம் மக்கள் தங்கலாகாது என்ற விதி நடப்பிலிருந்த நாட்களில், 1866 ஜூனில், தலைவர் சியாட்டில் மறுகரையில் இறந்தார். அதே ஆண்டு டூவாமிஷ் மக்களுக்கு அவர்களுடைய ஆற்றங்கரையில் ஒதுக்கீட்டு நிலம் வழங்கும் யோசனை எழுந்தபோது, அதை எதிர்த்து ஊரின் முன்னணியினர் கையெழுத்திட்ட மனு, காங்கிரசில் ஆட்சிப்பகுதியின் பிரதிநிதியாயிருந்த ஆர்தர் டென்னியிடம் அளிக்கப்பட்டது. அந்த நிலம் வழங்கப்படவே இல்லை. மத்திய அரசின் அங்கீகாரம் கோரி டூவாமிஷ் மக்கள் இந்த நூற்றாண்டிலும் வழக்காடிவருகிறார்கள்.

மேனார்டு 1873 மார்ச் 13 அன்று சியாட்டிலில் காலமானார். யெஸ்லரின் மண்டபத்தில் நடந்த இறுதிச் சடங்கில் ஊரே திரண்டது. கேதரின் 1906 வரை வாழ்ந்து, பழைய காலத்தின் சாட்சியாக மதிக்கப்பட்டார். லிடியாவின் வாழ்வு அவ்வாறு அமையவில்லை. தம் நில உரிமைக்காக அவர் கடைசியில் சியாட்டிலுக்கே வந்தார் என்றும், மேனார்டு இரு மனைவியரையும் இருபுறமும் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தார் என்றும் ஊரில் ஒரு கதை உண்டு. அதைச் சுவைத்துச் சொல்பவர்கள், ஒகையோவில் பிள்ளைகளோடு தனித்து வாழ்ந்த ஒரு பெண்ணின் இருபதாண்டுத் துயரத்தை மறந்துவிடுகிறார்கள்.

640 ஏக்கரில் மனைவிக்குரிய கிழக்குப் பாதி யாருக்கு என்ற சிக்கல் மேனார்டு உயிரோடிருந்தபோதே தொடங்கிவிட்டது. மணமானவர் என்று சொல்லியே அவர் முழு நிலத்தையும் கோரினார். கோரியபோது மனைவியாக இருந்தவர் லிடியா. நான்கு ஆண்டுக் குடியிருப்பு 1856 ஏப்ரலில் நிறைவேறியபோதோ மனைவி கேதரின். நில அலுவலகம் பல கட்டங்களில் மாறி மாறி ஆராய்ந்து, இறுதியில் மேனார்டுக்கு அவருடைய பாதி மட்டுமே உரியது, இரு மனைவியருக்கும் ஒன்றுமில்லை என்று தீர்மானித்தது. லிடியா, குடியிருப்புக் காலம் நிறைவேறும் முன்பே மனைவி என்ற நிலையை இழந்துவிட்டார். கேதரினோ, சட்டம் விதித்த நாளில் மனைவியாக இருக்கவில்லை. பொது நிலமாகிவிட்ட அந்தப் பாதியை, அரசு வழங்கும் நில உரிமைச் சீட்டுகளைக் கொண்டு ஹில் என்பவரும் மற்றொருவரும் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டனர். அப்போது அது நகரத்துக்குள் மதிப்பேறிவந்த நிலம்.

லிடியாவின் பிள்ளைகளான ஹென்றி மேனார்டும் பிரான்சிஸ் பேட்டர்சனும் அவர்கள் மீது வழக்குத் தொடுத்தார்கள். தாய்க்கு அறிவிக்காமலும், எந்தக் குற்றமும் அவர் மீது நிறுவப்படாமலும் சட்டமன்றம் தந்த மணமுறிவு செல்லாது, ஆகவே தாயின் பங்கு தங்களுக்கே வர வேண்டும் என்பது அவர்களுடைய வாதம். மேனார்டு எதிர் ஹில் என்று அறியப்படும் அந்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1888 மார்ச்சில் தீர்ப்பளித்தது. நீதிபதி ஸ்டீபன் ஃபீல்டு எழுதிய தீர்ப்பு, திருமணம் வெறும் ஒப்பந்தம் அன்று, அது சமூகத்தின் அடித்தளமான ஓர் உறவுநிலை, எனவே அதை உண்டாக்கவும் நீக்கவும் சட்டமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று கூறி, மணமுறிவைச் செல்லுபடியாக்கியது. மேனார்டின் நடத்தை எவ்வளவு கண்டிக்கத்தக்கதாக இருந்தாலும் அது சட்டமன்றத்தின் அதிகாரத்தைப் பாதிக்காது என்பதும் அதன் நிலை. கொடை நிலத்தில் லிடியாவுக்கு மாற்றமுடியாத உரிமை எதுவும் அப்போது பிறந்திருக்கவில்லை என்றும் நீதிமன்றம் கருதியது. திருமணத்தின் தன்மை பற்றி அதில் சொல்லப்பட்ட கருத்து பிற்காலச் சட்டத்தில் பெரும் இடம் பெற்றது. வெவ்வேறு இனத்தவர் மணந்துகொள்வதைத் தடுத்த மாநிலச் சட்டங்களை 1967இல் உச்ச நீதிமன்றம் செல்லாதவையாக்கியபோது, இந்தத் தீர்ப்பையும் மேற்கோள் காட்டியது. ஆனால் 1888இல் அதன் உடனடி விளைவு, கிங் கவுண்டியின் பதிவேட்டில் அந்த 320 ஏக்கர் மீது லிடியாவின் பிள்ளைகள் கோரிய உரிமை தள்ளுபடியாகி, சீட்டுகளைக் கொண்டு பெற்றவர்களின் பட்டா உறுதியானது என்பதே.